ஒரு கரண்டி மாவும் ஒரு குளிசையும்

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களிலும் ஜிம்முக்குப் போகிறவர்களின் பையில் தண்ணீர்ப் போத்தலோடு மா கரைக்கும் போத்தல் ஒன்றும் இருக்கும். அதற்குள் போகும் மா பெரிய டின்னில் வருகிறது. வே புரோட்டீன் என்று டின்னின் முகத்தில் பெரிதாக எழுதியிருக்கும். அதை வாங்குகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். நித்தவெல மைதானத்தில் ஒருநாள் ஆடவேண்டும் என்று கனவு காணும் றக்பிப் பையன் வாங்குகிறான். சீனி வருத்தம் இருக்கிறதென்று வைத்தியர் சொன்ன பிறகு, நாற்பது வயதுக்கு மேல் உடற்பயிற்சியில் இறங்கியவர் வாங்குகிறார். அம்மா மெலிந்துபோனா என்று கவலைப்பட்ட மகள் கனடாவிலிருந்து அனுப்பிய டின்னை, எழுபது வயதுத் தாய் காலையில் பாலில் கரைத்துக் குடிக்கிறார்.

பின்னிருவரும் தினமும் குளிசை போடுகிறவர்கள். பையனும் முகப்பருவுக்கோ வயிற்றோட்டத்துக்கோ இடையிடையே போடுவான். கிளினிக்கில் "வேற என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டால் டின்னைப் பற்றிச் சொல்ல அநேகருக்குத் தோன்றாது. அது சாப்பாடுதானே என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் சாப்பாடும் குளிசையும் ஒரே குடலில்தான் இறங்குகின்றன. ஒரே குடற்சுவரைக் கடந்துதான் இரத்தத்துக்குப் போகின்றன. அந்தச் சுவரிலும் அதற்கு அப்பாலும் இவை இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை அறிந்துகொண்டால், டின்னைத் தூக்கி எறியவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு குடிக்கவும் வேண்டாம்.

முதலில் டின்னுக்குள் இருப்பது என்னவென்று பார்ப்போம். பசுப்பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று, மூன்றரைப் பங்கு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அமிலமோ ரெனெட் என்ற நொதியமோ பட்டால் கேசீன் திரண்டு கட்டியாகிறது. மிச்சம் ஐந்தில் ஒரு பங்குப் புரதம் திரளாமல், வெளிறிய பச்சைமஞ்சள் நீரில் கரைந்தே நிற்கிறது. தயிர்ச் சட்டியில் ஒரு கரண்டி அள்ளியெடுத்து விட்டால் சற்று நேரத்தில் அந்தக் குழியில் ஊறி நிற்கும் தெளிவு இதுதான். ஆங்கிலத்தில் இதைத்தான் வே என்கிறார்கள். இதில் உள்ள புரதத்தில் பாதியளவு பீட்டா லக்டோகுளோபியூலின், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆல்பா லக்டல்புமின். நோயெதிர்ப்புப் புரதங்களும் லக்டோபெரினும் சிறிதளவு உண்டு. தசைகளுக்குப் புரதம் கட்டும் சமிக்ஞையைக் கொடுக்கும் லியூசீன் என்ற அமினோ அமிலம் வே புரதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருக்கிறது. அதோடு இது வயிற்றில் கட்டியாகாமல் விரைவாகக் குடலுக்கு இறங்குகிறது. பயிற்சி முடிந்ததும் இதைக் குடிக்கச் சொல்வதற்கு இவ்விரண்டுமே காரணம்.

ஒரு கிலோ சீஸ் செய்யச் சுமார் 10 லீற்றர் பால் வேண்டும். அதில் 9 லீற்றர் தெளிவாக வெளியேறும். நீண்ட காலமாக அதைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், வயல்களில் கொட்டினார்கள், ஆறுகளில் விட்டார்கள். ஒரு லீற்றர் தெளிவை நுண்ணுயிர்கள் சிதைத்து முடிக்க 30 கிராமுக்கும் மேலான ஒட்சிசன் தேவைப்படும். ஆறு அதைத் தாங்காது, மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். மேலை நாடுகளில் சூழல் சட்டங்கள் இறுகிய காலத்தில், 1970களில், புரதத்தை மட்டும் பிடித்து வைத்து லக்டோசையும் உப்புகளையும் நீரோடு போகவிடும் மென்சவ்வு வடிகட்டல் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது. வடிகட்டியதைச் சூடான காற்றில் தூவி உலர்த்தினால் மா. நூற்றுக்கு 80 வரை புரதம் உள்ளது கொன்சன்ட்ரேட். 90க்கு மேல் போனால் ஐசோலேட். நொதியத்தால் முன்கூட்டியே சிறு துண்டுகளாக வெட்டியது ஹைட்ரோலைசேட். கொன்சன்ட்ரேட்டில் லக்டோஸ் மிச்சமிருக்கும். நம்மவர்களில் வளர்ந்த பிறகு லக்டோஸ் செரிக்காதவர்கள் நிறையப் பேர். மா குடித்ததும் வயிறு உப்புகிறது, கடகடக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு ஐசோலேட்டுக்கு மாறினாலே தொல்லை குறையும்.

மலைநாட்டில் லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் விடியலில் கறந்து ஊற்றும் பால், திகனவில் உள்ள மில்கோ தொழிற்சாலை போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் இலங்கையில் சீஸ் உற்பத்தி சிறியது. மாவாக்கும் அளவுக்குத் தெளிவு இங்கே சேர்வதில்லை. ஆகவே கண்டிக் கடையில் இருக்கும் டின்னுக்குள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ நியூசிலாந்திலோ கறந்த பாலின் தெளிவுதான் இருக்கிறது. எங்கோ ஒரு தாங்கியில் நடந்த தவறு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை 2013ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. நியூசிலாந்தின் ஹௌடாப்பு என்ற இடத்தில் பொன்டெரா நிறுவனம் 2012 மே மாதத்தில் செய்த 38 தொன் வே புரதத்தில் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பக்டீரியா இருக்கக்கூடும் என்று 2013 ஓகஸ்ட் தொடக்கத்தில் அறிவித்தார்கள். சுத்தம் செய்யப்படாத குழாய் ஒன்றைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த மா அதற்குள் குழந்தைப் பால்மாவிலும் விளையாட்டுப் பானங்களிலும் கன்றுத் தீனியிலும் கலந்து பல நாடுகளுக்குப் போய்விட்டிருந்தது. மாத முடிவில், அது நஞ்சு உண்டாக்காத வேறொரு பக்டீரியா என்று பரிசோதனைகள் உறுதி செய்தன.

அதே வாரங்களில் இலங்கையில் வேறொரு புயல். நியூசிலாந்துப் புற்றரைகளில் நைதரசன் வீணாகாமல் இருக்கத் தூவப்பட்ட டிசிடி என்ற இரசாயனத்தின் சுவடு பால்மாவில் இருப்பதாகச் சொல்லி, சுகாதார அமைச்சு சில தொகுதிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. வழக்கு நீதிமன்றம் போனது, விற்பனைக்குத் தடை வந்தது, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பொன்டெரா தன் இலங்கை அலுவலகங்களைச் சில நாட்கள் மூடியது. பக்டீரியாப் பயமும் டிசிடிச் சர்ச்சையும் வெவ்வேறு விடயங்கள். பத்திரிகை படித்தவர்கள் பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்பினார்கள். இந்தக் குழப்பத்தை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. தாம் குடிப்பது எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்று அறிய வழியில்லாத மக்கள் பயப்படுவது நியாயம்.

சுத்தமான வே மா மட்டும் உள்ள டின்கள் குறைவு. சுவைக்கு சுக்ரலோஸ், கட்டிபடாமல் கரைய சோயா லெசித்தின், தடிப்புக்கு சாந்தன் பசை, செரிமானத்துக்கு நொதியங்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்கவேண்டியதைத் தவிர மற்றவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. கவனம் வேண்டியது மாஸ் கெயினர் என்ற பெயரில் வரும் பெரிய டின்களில். அவற்றில் புரதத்தைவிட மோல்டோடெக்ஸ்ட்ரின் பல மடங்கு அதிகம். அது இனிப்பே தெரியாத மாச்சத்து, ஆனால் இரத்தத்தில் குளுக்கோசாக ஏறும் வேகத்தில் சீனியைத் தோற்கடிக்கும். நீரிழிவுக்காரர் ஒருவர் புரதம் என்று நம்பி இதைக் குடித்துவிட்டு, சீனி ஏன் ஏறுகிறதென்று தெரியாமல் தவிப்பார். வைத்தியரோ குளிசை போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். சுத்தமான வேயோ எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சாப்பாட்டுக்கு முன் குடித்தால் இன்சுலினைத் தூண்டி, வயிறு காலியாகும் வேகத்தைக் குறைத்து, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியைத் தணிக்கிறது. நல்ல விடயம்தான். ஆனால் இன்சுலின் ஊசியோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் இதைப் புதிதாகத் தொடங்கினால், சில வாரங்களுக்குச் சீனியை அடிக்கடி பார்க்கவேண்டும்.

லேபிளில் எழுதிய புரதம் டின்னுக்குள் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. புரதத்தை அளக்கும் பழைய வழியை டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் யோஹான் கெல்டால் 1883இல் கண்டுபிடித்தார். அது புரதத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. நைதரசனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது. ஆகவே நைதரசன் உள்ள மலிவான எதைக் கலந்தாலும் புரதம் கூடியதாகக் காட்டும். 2008இல் சீனாவில் பாலில் மெலமீன் கலந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். ஆறு குழந்தைகள் இறந்தார்கள், ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். புரத மாவில் கிளைசீன், டோரீன் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலப்பது அவ்வளவு கொடூரமல்ல என்றாலும் ஏமாற்று ஏமாற்றுத்தான். கேரளத்தைச் சேர்ந்த ஈரல் நோய் மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸும் அவருடைய குழுவினரும் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரத மாக்களைப் பரிசோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை. 14 சதவீதத்தில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. சிலவற்றில் பூச்சிகொல்லிச் சுவடும் இருந்தது. மூலிகைச் சாறு கலந்த மாக்களையே அவர்கள் கூடுதலாகக் குறை சொன்னார்கள். இயற்கை என்ற சொல்லைப் பார்த்து டின் வாங்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்திருக்கவேண்டும்.

இனி குளிசைக்கு வருவோம். கண்டியைச் சுற்றிய வயல்களில் நாற்று நடும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் எலிக்காய்ச்சல் வரும். 2008இல் நாடு முழுவதும் 7000க்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயின் சந்தேகத்தில் பதிவானார்கள். கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றில் அடங்கும். அதனால் சேற்றில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் மூலம் டொக்சிசைக்கிளின் குளிசை தடுப்பாகக் கொடுக்கப்படுகிறது. வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். வாரத்துக்கு ஒரு முறைதான் என்பதால் அந்த ஒரு முறை சரியாக உடலில் சேரவேண்டும்.

டொக்சிசைக்கிளின் டெட்ராசைக்கிளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்து மூலக்கூறுகளின் ஒரு பக்கத்தில் ஒட்சிசன் அணுக்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. கல்சியம், மக்னீசியம், இரும்பு போன்ற உலோக அயன்கள் கிட்ட வந்தால் அவை விடாமல் பற்றிக்கொள்ளும். பற்றியதும் மருந்தும் உலோகமும் சேர்ந்து கரையாத ஒன்றாகி, குடற்சுவரைக் கடக்க முடியாமல் மலத்தோடு போய்விடும். சிறுபிள்ளைகளுக்கு டெட்ராசைக்கிளின் கொடுத்தால் பல்லில் நிரந்தரக் கறை படிவதற்கும் கல்சியத்தின் மீதுள்ள இதே பற்றுத்தான் காரணம். பழைய டெட்ராசைக்கிளினைப் பாலோடு விழுங்கினால் பாதிக்கும் மேல் வீணாகும். டொக்சிசைக்கிளினில் இழப்பு குறைவு, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆனால் அந்த அளவு வெறும் பாலுக்கு. ஒரு கரண்டி வே மாவில் 100 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கலாம். அதை ஒரு கோப்பைப் பாலில் கரைத்தால் இன்னொரு 240 மில்லிகிராம். கனியுப்புகள் சேர்த்த மாவென்றால் அதற்கும் மேல், இரும்பும் துத்தநாகமும் கூட இருக்கும்.

ஜிம் பையனின் முகப்பருவும் இங்கேதான் வந்து சேர்கிறது. வே மா குடிப்பவர்களிடையே முகப்பரு கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பருவுக்குத் தோல் வைத்தியர் எழுதிக் கொடுப்பதும் அநேகமாக டொக்சிசைக்கிளின்தான். காலையில் மாவைக் குடித்துவிட்டு, அதே கையோடு குளிசையையும் போட்டால், பருவைத் தூண்டக்கூடிய ஒன்று பருவுக்கான மருந்தையும் தடுத்து நிற்கிறது. மாதக்கணக்கில் குணமில்லை என்று வைத்தியரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரத்தை மாற்றிப் பார்க்கலாமே என்று எவராவது சொல்லியிருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் கடக்க எனக்கு மனமில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் வேலை செய்தபோது, 1927இல் தசையில் பொஸ்போகிரியட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார். தசை சட்டென்று இழுக்கும் முதல் சில நொடிகளுக்குச் சக்தி தரும் கையிருப்பு அது. இன்று வே டின்னுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் கிரியட்டின் டின்னின் அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. பின்னாளில் அவர் லெடர்லே ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சியை வழிநடத்திய காலத்தில்தான், அங்கே பணியாற்றிய பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஒரியோமைசினைக் கண்டார். அது 1948இல் வெளியானது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அந்தக் கிரியட்டின் டின்னுக்கும் இந்தக் குளிசைக்கும் பின்னால் சென்னையில் படித்த ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை நம் பாடப்புத்தகங்கள் ஏன் உரக்கச் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் சிப்ரோஃப்ளொக்சசின் குடும்பத்துக்கும் உண்டு. பாலோடு சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு இரத்தத்துக்கு வருவதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு எடுக்கும் மருந்து அப்படிக் குறைந்தால் நோய் முழுதாகத் தீராது, மிஞ்சும் பக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். சிப்ரோவை எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மாவைக் குடிக்கலாம். மாவை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்கவேண்டும். தைரொயிட்டுக்கான லெவோதைரொக்சின் இன்னும் நுணுக்கமானது. மைக்கிரோகிராமில் அளக்கும் மருந்து அது. சிறு இழப்பும் இரத்தப் பரிசோதனையில் தெரியும். கண்டி உட்பட்ட ஈரவலயத்தில் கழலை ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமான பிறகு அது குறைந்தது. ஆயினும் தைரொயிட் குறைவுக்காக விடியலில் வெறும் வயிற்றில் குளிசை போடுகிற பெண்கள் இன்றும் ஏராளம். அவர்கள் வே மாவை நான்கு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பிரச்சினை இல்லை. எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேட்டை வெறும் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் எதையும் உண்ணாமல், சாயாமல் இருக்கவேண்டும். அந்த அரை மணி நேரத்துக்குள் மா போனால் விலையுயர்ந்த அந்தக் குளிசை குப்பைக்குப் போனதற்குச் சமம்.

இதுவரை சொன்னவை குடலில் நடப்பவை. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பாவின் தொல்லை மூளையின் வாசலிலும் நடக்கிறது. லெவோடோப்பா தானே ஒரு அமினோ அமிலம். குடற்சுவரைக் கடக்கவும் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் அது தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கவில்லை. லியூசீன், ஐசோலியூசீன், வலீன், பெனைலலனீன் போன்ற பெரிய அமினோ அமிலங்களைக் கொண்டுபோகும் அதே காவிப் புரதங்களில்தான் தொற்றிக்கொண்டு போகிறது. பாடசாலை விடும் நேரத்தில் கண்டி பஸ் நிலையத்தில் ஒரே ஒரு கடுகண்ணாவை பஸ் நிற்பதை எண்ணிப் பாருங்கள்: முதலில் வந்து குவிந்தவர்கள் ஏறிவிடுவார்கள், கடைசியாக வந்த முதியவர் மிதிபலகையில்கூட இடம் கிடைக்காமல் நிற்பார். வே மா விரைவாக உறிஞ்சப்படுவதாலும் லியூசீன் நிறைந்ததாலும் அந்த நெரிசலை வழக்கமான சாப்பாட்டைவிட வேகமாக உண்டாக்குகிறது. விளைவு கண்ணுக்குத் தெரியும். குளிசை போட்டும் கை நடுக்கம் அடங்கவில்லை, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நகரவில்லை.

மெலிந்துபோன தாய்க்கு மகள் அனுப்பிய டின் இப்படி வந்து முட்டும்போது என் மனம் கனக்கிறது. மகளின் நோக்கம் நல்லது, முதியவர்களுக்குத் தசை கரைவது உண்மை, அவர்களுக்குப் புரதம் தேவை என்பதும் உண்மை. ஆகவே டின்னை நிறுத்தச் சொல்வது தீர்வாகாது. குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் கொடுத்து, புரதத்தின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளினால் பலருக்குப் பகல் முழுவதும் நடை இலகுவாகும். நரம்பியல் கிளினிக்கில் இதைக் கேட்டால் அவரவருக்கு ஏற்ற நேரத்தைச் சொல்வார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆண்மை, தசை என்று விளம்பரப்படுத்தும் சில டின்களில் பூனைக்காலி விதைச் சாறு இருக்கிறது. அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோப்பா உண்டு. லெவோடோப்பா எடுப்பவர் அதைக் குடித்தால் அளவு கூடும். மனச்சோர்வுக்கு எம்ஏஓ தடுப்பு வகை மருந்து எடுப்பவருக்கு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

இனி, லேபிளில் எழுதப்படாதவை. கண்டி றக்பி நகரம். பல்லேகலையில் திரித்துவக் கல்லூரியின் மைதானம், நித்தவெலயில் கண்டி விளையாட்டுக் கழகத்தின் மைதானம், 1945 முதல் நடக்கும் பிரட்பி கேடயப் போட்டி. அந்த ஆட்டத்துக்கு உடலைக் கட்டும் அவசரம் பதினைந்து வயதிலேயே தொடங்குகிறது. 2011இல் இலங்கைத் தேசிய றக்பி அணியைச் சேர்ந்த மூன்று வீரர்கள் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டார்கள். அகப்பட்ட பொருள் மெதில்ஹெக்ஸனமீன். 1940களில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக வந்து, பிறகு கைவிடப்பட்டு, 2000களில் பயிற்சிக்கு முன் குடிக்கும் பானங்களில் தாவரச் சாறு என்ற பெயரில் மறுபிறவி எடுத்த பொருள் அது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். சளி மருந்தில் உள்ள சூடோஎபெட்ரீனோடும், ஆஸ்துமாவுக்கான தியோபிலினோடும் அது சேரும்போது இதயம் தாறுமாறாக அடிக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பின்னர் அதை உணவுத் துணைப்பொருள்களில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது.

அதே 2011இல் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க உலகக் கிண்ணப் போட்டிகளின்போது செய்த பரிசோதனையில் பிரெட்னிசோன், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட்டுகள் இருப்பது தெரியவந்து மூன்று மாதத் தடை பெற்றார். தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தே காரணம் என்று சொல்லப்பட்டது, திறமையைக் கூட்டும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதை சர்வதேச கிரிக்கெட் சபையும் ஏற்றது. வீரருக்குத் தடை வந்தது. வீரரல்லாத ஒருவர் அதையே எடுத்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. அவருக்குச் சீனி ஏறியிருக்கும், பிரஷர் ஏறியிருக்கும், திடீரென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி சோர்ந்து மயங்கியும் விழுந்திருப்பார். விளையாட்டு வீரருக்கு 2013ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இருக்கிறது. நமக்கு இருப்பது லேபிள் மட்டுமே.

பயிற்சிக்கு முன் குடிக்கும் பானங்களில் கஃபீன் ஒரு தடவைக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். நாம் குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீரில் 40, 50 மில்லிகிராம். ஈரலில் கஃபீனைச் சிதைக்கும் நொதியத்தைச் சிப்ரோஃப்ளொக்சசின் தடுத்துவிடும். ஆகவே சிப்ரோ எடுக்கும் நாட்களில் அந்தக் கஃபீன் உடலில் நெடுநேரம் தங்கி, நித்திரையைக் கெடுத்து, நெஞ்சைப் படபடக்க வைக்கும். மருந்து போட்டதால் வந்த படபடப்பு என்று மருந்தை நிறுத்தினால் தொற்று தீராது.

இப்படி மருந்தின் சிதைவைத் தடுக்கும் இன்னொரு பொருள் மாத்தளையிலும் கண்டியிலும் நம் வேலியிலேயே ஏறிக் காய்க்கிறது. மிளகின் பிப்பரின், குடலிலும் ஈரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களை மந்தமாக்குகிறது. வலிப்புக்கான பெனிட்டொயின், பிரஷருக்கான புரொப்பிரனொலோல், தியோபிலின் ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சத்து நன்றாக உறிஞ்சப்படும் என்று சொல்லி மிளகுச் சாற்றைப் பல டின்களில் சேர்க்கிறார்கள். ரசத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. வைத்தியர் குளிசையின் அளவைத் தீர்மானித்தபோது உங்கள் வழக்கமான சாப்பாடு ஏற்கெனவே உடலில் இருந்தது. டின்னில் வந்த சாறு அந்தக் கணக்குக்குப் பின்னால் நுழைந்தது. கண்டி தேசிய வைத்தியசாலையில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவர்கள் எடுக்கும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளின் பாதுகாப்பான அளவு மிகக் குறுகியது. கூடினால் புதிய சிறுநீரகத்துக்கே நஞ்சாகும், குறைந்தால் உடல் அதை நிராகரிக்கும். சாறு கலந்த எந்த டின்னும் அவர்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிறுநீரகம் என்றதும் எல்லோரும் கேட்பது: புரத மா கிட்னியைப் பழுதாக்குமா? ஆரோக்கியமான சிறுநீரகத்தை அளவான புரதம் கெடுத்ததற்கு நல்ல சான்று இல்லை. ஏற்கெனவே பழுதானதற்கு வேறு கணக்கு. அவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.8 கிராம் என்ற அளவில் நிற்கச் சொல்கிறார்கள். இந்தப் பகுதியில் அந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் பொருள் உண்டு. மகாவலிக் குடியேற்றங்களான கிராந்துருக்கோட்டை, வில்கமுவப் பக்கங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. நோய் முற்றும்வரை அறிகுறியே காட்டாது. அந்தப் பக்கத்து இளைஞன் ஒருவன் கண்டியில் வேலைக்கு வந்து ஜிம்மில் சேர்ந்தால், மாவைத் தொடங்குமுன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது புத்தி. அடிபட்ட வலிக்கு டைக்ளோஃபெனக் விழுங்கிவிட்டு வியர்க்க வியர்க்க ஓடுவதும் சிறுநீரகத்துக்கு ஆகாது. மாவைவிட அதுவே பெரிய கேடு.

ஆனால் அந்தப் பரிசோதனையே ஏமாற்றக்கூடும். கிரியட்டின் உடலில் தானாகவே நாளுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கிரியட்டினினாக மாறுகிறது. சிறுநீரகத்தின் நலத்தை நாம் அளப்பதோ அந்தக் கிரியட்டினினைக் கொண்டுதான். கிரியட்டின் டின் குடிப்பவரின் இரத்தத்தில், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமலேயே, அந்த எண் சற்று உயர்ந்து நிற்கும். தசை நிறைந்த உடலும் அதை உயர்த்தும். டின்னைப் பற்றி அறியாத வைத்தியர் நோய் என்று எண்ணுவார், நீரிழிவுக் குளிசையான மெட்போர்மினைக் குறைப்பார், ஸ்கேனுக்கு அனுப்புவார். பரிசோதனைக்குச் சில வாரங்கள் முன்பே கிரியட்டினை நிறுத்தலாம், அல்லது சிஸ்டட்டின் சி என்ற வேறொரு பரிசோதனையைக் கேட்கலாம்.

இவ்வளவும் தேவைதானா என்று கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்கிறேன். சாதாரண வாழ்க்கைக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை கூடுவதில் சராசரியாகப் பயன் இல்லை என்று 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. 60 கிலோ எடையுள்ள பையனுக்கு அது நாளுக்கு 96 கிராம். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மைசூர்ப் பருப்பு 24 கிராம். இவற்றோடு நெத்தலிக் கருவாடு, கடலை, தயிர், சோயா, மீன் என்று சேர்த்தால் கணக்கு பெரும்பாலும் நிரம்பிவிடும். நிரம்பாத வீட்டிலும், பல் இல்லாத முதியவருக்கும், சத்திரசிகிச்சையிலிருந்து தேறுகிறவருக்கும் ஒரு கரண்டி மா உண்மையான உதவி.

டின்னை யார் கண்காணிப்பது என்பதில் சட்டமும் தடுமாறுகிறது. உணவென்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம். மருந்தென்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. அந்தச் சட்டமே எல்லைக்கோட்டுப் பொருட்கள் என்ற வகையையும் ஏற்கிறது. மூலிகைச் சாறும் கஃபீனும் ஊக்கியும் கலந்த டின்கள் அந்த எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, பயணப் பொதியிலும் இணையவழிக் கடையிலும் நுழைந்துவிடுகின்றன.

கிளினிக் கொப்பியில் குளிசைகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். பின்பக்கத்தில் டின்னின் பெயரையும் அதைக் குடிக்கும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். லேபிளின் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள சிறிய எழுத்துத்தான் வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் வேண்டியது. தைரொயிட் குளிசை காலை ஐந்தரை மணிக்கென்றால் மா பத்து மணிக்கு. டொக்சிசைக்கிளின் இரவுச் சாப்பாட்டோடு என்றால் மா காலையில். லெவோடோப்பா எடுப்பவருக்கு மா இரவில்.